எனக்கு மட்டும் வேண்டாத சம்பள உயர்வு

காலையில் ஸ்டெல்லா எழுந்தபோது இமைகள் வீங்கியிருந்தன. கொசுக்கடி என்று நினைத்தேன். சாயங்காலம் காலும் வீங்கி, செருப்பு நுழையவில்லை. என் மகளுக்கு அப்போது ஐந்து வயது.

நெஃப்ரோடிக் சிண்ட்ரோம் (சிறுநீரக வடிகட்டி பழுதாகி, உடம்பின் புரதம் சிறுநீரில் போய்விடும் நோய்) என்றார் டாக்டர். ஸ்டீராய்டு (வீக்கத்தை அடக்கும் மருந்து) கொடுத்தால் அடங்கும், சளி பிடித்தால் திரும்ப வரும், வளர வளரப் பெரும்பாலும் விட்டுவிடும் என்றார். எப்போது என்று கேட்டேன். அது அவருக்கும் தெரியவில்லை.

தினமும் காலையில் அவள் சிறுநீரைக் கண்ணாடிக் குழாயில் ஊற்றி ஸ்டவ்வில் காட்டுவேன். தெளிவாக இருந்தால் வேலைக்குப் போகலாம். முட்டையின் வெள்ளைக்கரு போலத் திரண்டால் ஆஸ்பத்திரி.

அவள் அப்பா எங்களை விட்டுப் போய் வெகுநாளாகியிருந்தது. எனக்கு அம்பத்தூர் எஸ்டேட்டில் சுவிட்ச் கம்பெனியில் வேலை. சம்பளத்தில் பிடிக்கும் தொழிலாளர் காப்பீடுதான் எங்களுக்குத் துணை. மருந்து, படுக்கை, ஆல்புமின் (ரத்தத்திலுள்ள புரதம்) ஊசி எல்லாம் அதில்தான். அந்த ஊசியை வெளியே வாங்க என்னால் முடியாது. காப்பீட்டு மருந்தகத்தில் கால் கடுக்க நிற்க வைத்துவிட்டு, நாளைக்கு வா என்பார்கள். எரிச்சலாக வரும். பல்லைக் கடித்துக்கொண்டு மறுநாளும் போவேன்.

ஒரு வருடம் யூனியன் போராடிச் சம்பளத்தை உயர்த்தியது. கேட்டில் லட்டு கொடுத்தார்கள். நானும் தின்றேன். அடுத்த வாரம் மருந்தகத்து எழுத்தர் என் சம்பளம் காப்பீட்டுக்கான வரம்பைத் தாண்டிவிட்டதாகவும், இந்த ஆறு மாதக் கணக்கு முடிந்ததும் காப்பீட்டு அட்டை செல்லாது என்றும் சொன்னார். கூடுதலாக வரும் பணத்தில் ஒரு ஊசிகூட வாங்க முடியாதே என்றேன். சட்டம் அப்படி என்று சொல்லிவிட்டு அடுத்தவரைக் கூப்பிட்டார்.

மானேஜரிடம் போய், எனக்கு மட்டும் உயர்வு வேண்டாம் என்றேன். அவர் சிரித்தார். பிறகு, பேக்கிங் வேலைக்கு இறங்கினால் பழைய சம்பளம்தான் வரும், எழுதிக் கொடு என்றார். கொடுத்தேன்.

மறுநாள் யூனியன் தலைவர் ஏழுமலை கேன்டீனில் என் எதிரே வந்து உட்கார்ந்தார்.

"யக்கா, நாங்க வவுத்த காயப்போட்டு வாங்கினத நீ வேணான்னு எய்திக் குட்த்துட்டு வந்துகீற. நாளிக்கி மானேஜரு இதையே காட்டி எல்லாருக்கும் கொறைப்பான்."

"எனக்கு வேற வழி தெர்ல, ஏழுமல."

அவர் சொன்னதிலும் நியாயம் இருந்தது. அதன்பிறகு யாரும் என்னோடு உட்கார்ந்து சாப்பிடவில்லை. செல்விகூட, அவளும் நானும் ஒரே நாளில் வேலைக்குச் சேர்ந்தவர்கள், தட்டை எடுத்துக்கொண்டு தள்ளிப் போனாள். பிள்ளையின் நோயைவிட அந்த மத்தியானங்கள்தான் என்னை வாட்டின. உங்களுக்கு இப்படி ஒரு நிலை வந்தால், முன்பே ஒருவரிடமாவது மனம்விட்டுச் சொல்லிவையுங்கள். நான் சொல்லவில்லை.

பன்னிரண்டு வயதுக்குப் பிறகு ஸ்டெல்லாவுக்கு நோய் திரும்பவில்லை. இனி வர வேண்டாம் என்று டாக்டர் சொன்ன அன்று, சந்தோஷத்தைச் சொல்ல ஆளில்லாமல் ஆவடி பஸ்ஸில் ஜன்னலோரம் அழுதுகொண்டே வந்தேன்.

இப்போது பத்தாவது படிக்கிறாள். என் தலைக்கு மேல் வளர்ந்துவிட்டாள். ஆஸ்பத்திரி அவளுக்கு நினைவிருக்கிறது; சம்பளக் கதையை நான் சொன்னதில்லை. எனக்கு நாற்பதுதான் ஆகிறது. ஆனால் பேக்கிங்கில் நாள் முழுக்க நின்று நின்று, முழங்கால்களுக்கு மட்டும் அறுபது ஆகிவிட்டது.

போன வாரம் கொஞ்சம் வெட்கத்தோடு கேட்டாள்: "உன்கூட சேர்ந்தவங்கல்லாம் மேல போய்ட்டாங்க. நீ மட்டும் ஏம்மா இன்னும் பேக்கிங்லயே கீற?"

"அங்கதான்டி உக்காந்துகினே வேலை செய்யலாம்" என்றேன்.

நம்பிவிட்டாள். சைக்கிளை எடுத்துக்கொண்டு வெளியே போனாள்.