நம்பிச் சாப்பிட்ட கீரை

எங்கள் அண்ணா இறைவனடி சேர்ந்து ஓராண்டாகிறது. அவரை அறிந்த உங்களுக்கு, அவர் வாழ்வில் மிகக் கடினமாயிருந்த ஒரு காலத்தைச் சொல்ல விரும்புகிறேன். நான் அவருடைய தங்கை.

மன்னார் பேசாலையில் மூத்த பிள்ளையாகப் பிறந்த அண்ணா, யுத்த காலத்தில் தனியே கனடா வந்தார். ஒரு பேக்கரியில் மா மூட்டை சுமந்தே எங்களை ஒவ்வொருவராக அழைப்பித்தார். தமக்கென்று ஒரு குடும்பம் அமைத்துக்கொள்ளவில்லை. முதுகு நோவால் வேலையை விட்டபின், பார்க்டேலில் நாங்கள் இருக்கும் பழைய வீட்டில் எங்களோடு வாழ்ந்தார். வீட்டுக்குப் பின்னாலிருந்த வளவில் கீரை, மிளகாய், வெண்டி நட்டார். என் சின்ன மகள் அவர் பக்கத்திலேயே மண்ணை அளைந்துகொண்டிருப்பாள்.

பிள்ளை வெளிறிச் சோர்ந்தபோது வைத்தியரிடம் கொண்டுபோனோம். மண் தின்கிறாளா என்று கேட்டு, இரத்தம் எடுக்கச் சொன்னார். இரத்தத்தில் ஈய நஞ்சு கூடியிருந்தது. சுவரிலிருந்து உதிர்ந்த, ஈயம் சேர்ந்த பழைய பெயின்ற் மண்ணில் கலந்திருந்ததைப் பிறகுதான் அறிந்தோம்.

“இனி இந்த வளவில ஒண்டும் நடவேண்டாம், மச்சான்,” என்றார் என் கணவர்.

அன்றிலிருந்து அண்ணா பிள்ளையைத் தூக்கவில்லை. அவள் ஓடிவந்தால் எழுந்து குழாயடிக்குப் போய் மறுபடி கை கழுவுவார். பின்கதவைப் பூட்டியே வைத்தோம்.

சுகாதாரத் தாதி வந்தபோது அண்ணா அவரிடம் வளவு மண்ணைப் பற்றி நெடுநேரம் விசாரித்தார். சில நாளில் பலகைகள் வந்திறங்கின. என் கணவர் தடுத்தார்.

“பிள்ளையை எத்தினை நாள் உள்ளுக்குப் பூட்டி வைப்பீர்? மண்ணை மாத்துவம்,” என்றார் அண்ணா.

சுவரை விட்டுத் தள்ளி, இடுப்பளவு உயரத்தில் பெட்டிப் பாத்திகள் கட்டினார். அடியில் தடித்த துணி விரித்து, புது மண் நிரப்பினார். வெறும் நிலமெங்கும் பழைய மண்ணை மூடி மரச்சீவல் பரப்பினார். பிள்ளையின் கை பாத்தி மண்ணுக்கு எட்டவில்லை. அண்ணாவும் முதுகு வளைக்காமல் நின்றபடியே களை பிடுங்கினார். பனி கரைந்ததும் நிலத்துக்கு முன்னமே பெட்டி மண் சூடேறியது. மழைத் தண்ணீரும் தேங்கவில்லை. கீரை செழித்தது. ஆனால் பயத்தில் யாரும் தொடவில்லை. அண்ணாவும் பறிக்கவில்லை. அது முற்றிப் பூத்தது.

பிள்ளைக்கு மறுபடி இரத்தம் எடுத்தார்கள். மறுமொழி வரும்வரை அண்ணா கையில் செபமாலையோடு தொலைபேசிக்குப் பக்கத்திலேயே இருந்தார். ஈயம் நன்றாகக் குறைந்துவிட்டது என்று வைத்தியர் சொன்னதும் முகத்தை மூடிக்கொண்டார். என் கணவர் வளவுக்குப் போய், புதிதாய் முளைத்த இளங்கீரையாகப் பார்த்து ஒரு பிடி பறித்து வந்தார்.

“மச்சான், இருங்கோ. இண்டைக்கு நான் சமைக்கிறன்.”

அதன்பின் பல கோடைகள் அண்ணா நிம்மதியாக வாழ்ந்தார். இருதய நோயால் படுத்தபோதும் முகம் கோணாமல், எங்கள் கைகளைப் பிடித்தபடி கண்மூடினார்.

அவரைப் பராமரித்த வைத்தியர்கள், தாதியர், செபித்த பங்கு மக்கள், அஜின்கோர்ட்டிலிருந்து நாள்தோறும் சாப்பாடு கொண்டுவந்த உறவுகள் அனைவருக்கும் எங்கள் நன்றி. இந்தக் கோடையிலும் பாத்திகளில் நட்டிருக்கிறோம். வாருங்கள், பயமில்லாமல் பறித்துக்கொண்டு போங்கள்.