முதலில் நாக்கு, பிறகு பிரைமர்

கார் பெயின்டரான நான் மரக்காணத்தில் பட்டறை போட்டதும் வந்த முதல் பழைய டிராக்டர், பிரம்மதேசம் மேரி அக்காவுடையது. அவரே ஓட்டி உழுத வண்டி.

“கம்பெனியிலேர்ந்து வந்தப்போ இருந்த மாதிரியே வேணும். மாசக் கடைசியில கோயில் திருவிழா, ஃபாதர் மந்திரிக்கிறாரு. ஊரெல்லாம் சொல்லிட்டேன்.”

பானெட்டில் இருந்தது வெயிலும் உப்புக்காற்றும் தின்று மிச்சம் வைத்த வெளிர்நீலம். அசல் நிறம் எங்கே ஒளிந்திருக்கும்? டூல் பாக்ஸைக் கழற்றினேன். அடியில் உள்ளங்கை அகலத்துக்கு, மழைக்கு முந்தைய கடலைப் போல ஓர் அடர்நீலம்! அந்த இடத்தை மட்டும் டேப் ஒட்டிக் காப்பாற்றினேன். ஒரு முழுநாள் கலர் கலந்தேன். கியர்பாக்ஸ் இரும்பு சொரசொரப்பாக இருந்தது. கம்பெனி அதை வழவழப்பாக்கப் பட்டி பூசவில்லை, நானும் பூசவில்லை.

பெயின்ட் அடித்த மறுவாரம் பனி இறங்கியது. பானெட் முழுக்கக் கடுகளவு கொப்புளங்கள். தின்னரா, கம்ப்ரசரா, எது கெடுத்தது?

சைக்கிளுக்கு வெல்டிங் வைக்க வந்த உப்பளத் தொழிலாளி அஞ்சலை எட்டிப் பார்த்தாள்.

“ஏம்பா, பெயின்ட் அடிக்கிறதுக்கு முன்னால எந்தத் தண்ணியில கழுவுன?”

“நம்ம போர் தண்ணிதான்.”

“அதைத்தான் எங்க முதலாளி பாத்தியில பாய்ச்சி உப்பு எடுக்கிறாரு. நீ டிராக்டர்ல எடுத்துருக்க!”

கொப்புளத்தைச் சுரண்டி, “நாக்கை வெச்சுப் பாரு” என்றாள். வைத்தேன். கரித்தது. “அடியில தங்குன உப்பு பனியை உறிஞ்சி ஊதியிருக்கு” என்றாள்.

மேரி அக்காவுக்கு போன் போட்டு உண்மையைச் சொன்னேன்.

“அப்போ திருவிழாக்கு வராதா?”

“வரும்க்கா. உங்க கிணத்துத் தண்ணி நாலு டிரம் அனுப்புங்க.”

மொத்தத்தையும் சுரண்டி, கழுவி, துடைத்து, நக்கிப் பார்த்தேன். இரண்டாவது கழுவலில்தான் இரும்பு ருசியற்றுப் போனது. உடனே அடிப்பூச்சாகப் பிரைமர், அதன் மேல் அதே நீலம் அடித்தேன்.

திருவிழாவன்று மேரி அக்கா கியர்பாக்ஸைத் தடவினார். “இது ஏம்பா சொரசொரன்னு இருக்குது?”

“கம்பெனிக்காரன் அப்படித்தாங்க விட்டான்.”

நம்பாமல் டூல் பாக்ஸைக் கழற்றச் சொன்னார். குனிந்து, கண்ணைச் சுருக்கி, விரலால் தேடினார்.

“எங்கப்பா பழைய பெயின்ட்டு?”

எனக்கும் உடனே தெரியவில்லை. டேப் ஒட்டிய விளிம்பை நகத்தால் தடவித்தான் கண்டுபிடித்தேன்.

இன்றும் எந்த வண்டியானாலும் முதலில் நாக்கு, பிறகுதான் பிரைமர். பார்ப்பவர்கள் சிரிக்கிறார்கள். இந்தக் கரையில் கண்ணுக்குத் தெரியாத உப்பை வேறு எதை வைத்து நான் பிடிப்பது?