ஒற்றைக் கண்ணால் கண்ட கணி

முக்கண் உடையாய், போற்றி. காண்பவனும் நீ, காட்டுபவனும் நீ. எளியேன் சொல்லில் பொய் கலவாது காத்தருள்க.

இன்று சித்திரை விஷு. விடியலில் கண் திறந்ததும் காணும் மங்கலக் காட்சியாகிய கணியைக் கண்ட கையோடு, அடியார்களாகிய உங்கள் முன் இதை எழுத அமர்ந்தேன்.

பங்குனி நடுவில் ஒரு முற்பகல். திற்பரப்புக்கு அருகே எங்கள் ரப்பர் தோட்டத்தில் இயந்திரத்தால் புல் வெட்டிக்கொண்டிருந்தேன். வியர்வையில் மங்குகிறதென்று பாதுகாப்புக் கண்ணாடியைக் கழற்றி வைத்தேன். தெறித்த கல் இடக்கண்ணைக் கிழித்தது.

அடுத்துச் செய்தது அதனினும் பெரும்பிழை. ஆண்டாண்டாக மகாதேவர் கோயிலுக்கு நந்தியாவட்டை மாலை கட்டுபவன் நான். அந்தப் பூவின் சாறு கண்ணுக்கு நல்லதென்பார்கள். சாமிக்குச் சாத்திய பூவையே பிழிந்து விட்டுக்கொண்டு, பதிகம் ஓதி இரண்டு நாள் கிடந்தேன். மருத்துவரிடம் போவது நம்பிக்கைக் குறைவென்று எண்ணினேன். பூவைச் சாமிக்குப் போடுங்க, கண்ணை டாக்டருக்குக் காட்டுங்க என்று என் மனைவி பகவதி சண்டையிட்டே அழைத்துப் போனாள்.

நாகர்கோவில் மருத்துவர் மறைக்காமல் சொன்னார். இடக்கண்ணில் பார்வை திரும்பாது. சீழும் பிடித்துவிட்டது. எடுத்துவிட வேண்டும். தாமதித்தால் நல்ல கண்ணையும் அது கெடுக்கக்கூடும்.

விஷு கழியட்டும் என்றேன். இரு கண்ணாலும் கணி காண வேண்டுமென்று காரணம் சொன்னேன். உண்மையில் நான் அஞ்சியது கணிக்கு நடுவே வைக்கும் கண்ணாடிக்கு. நெல்லும் கனியும் கொன்றைப்பூவும் சூழ, ஆண்டின் முதற்காட்சியாக அதில் தன் முகத்தையே காண வேண்டும். குழி விழுந்த முகத்தை எப்படிக் காண்பேன்?

இரண்டு நாள் ஆஸ்பத்திரி வராந்தாவில் நடந்தேன். உட்கார முடியவில்லை. இளமை முதல் நாவில் ஊறிய பதிகங்கள் இரண்டாம் அடியிலேயே அறுந்தன. மூன்று கண் உடையவன் நீ, என் இரண்டில் ஒன்றைக் கேட்கிறாயே என்று வழக்காடினேன். இதற்கிடையே வலக்கண்ணிலும் நீர் வடிந்தது. வெளிச்சம் பட்டால் கூசியது. நடை இன்னும் விரைந்தது.

கஞ்சிப் பாத்திரத்தோடு பின்னாலேயே நடந்து வந்த பகவதி நின்றுவிட்டாள்.

"கணி காண ஒரு கண்ணாவது வேண்டாமா? ரெண்டும் போனா நான் யாருக்காக்கும் கணி ஒருக்கி வைக்கணும்?"

பெருமான் விடை அவள் வாய்வழி வந்தது. அங்கேயே சுவரைப் பிடித்துக்கொண்டு வேண்டுதலை மாற்றினேன். இதை எடுத்துக்கொள். எஞ்சியதைக் காத்துத் தா. அன்று மாலையே அறுவைக்குச் சம்மதித்துக் கையெழுத்திட்டேன்.

மறுநாள் கண்ணை எடுத்தார்கள். நான்கு நாள் கழித்து வலக்கண்ணைச் சோதித்த மருத்துவர், ஒரு குறையும் இல்லை என்றார். நீரும் கூச்சமும் நின்றிருந்தன. அழுதேன். ஒரு கண்தான் அழுதது.

இன்று புலரியில் பகவதி வழக்கம்போல் பின்னால் வந்து என் கண்களைப் பொத்தினாள்.

"ஒண்ணைப் பொத்தினாப் போதும்" என்றேன்.

"சும்மா நடங்க" என்றாள். கட்டின் மேலிருந்த அவள் இடக்கை பஞ்சுபோல் இருந்தது.

கை விலகியது. கொன்றையின் மஞ்சள். கண்ணாடி. முகத்தைத் திருப்பிக்கொண்டேன். பிறகு மெல்லப் பார்த்தேன். கட்டுப் போட்ட என் முகத்துக்குப் பின்னால் அவள் முகமும் தெரிந்தது. அறுந்து கிடந்த பதிகத்தைக் கடைசி அடிவரை ஓதினேன்.

இன்னும் பழகவில்லை. டம்ளரை எடுக்கப் போனால் கை விலகிப் போகிறது. படி இறங்கச் சுவரைத் தடவிப் பிடிக்கிறேன். ஆயினும் வழக்காடுவதை விட்டேன். அன்பர்களே, கண்ணில் அடிபட்டால் அந்த நாழிகையே மருத்துவரிடம் ஓடுங்கள். ஓடிக்கொண்டே அவனை அழையுங்கள். நாம் கேட்டது கிடைக்காமல் போகலாம். அவன் கைவிடான்.

இதைப் படிக்கும் கண்கள் ஒளி குன்றாது வாழ்க. அவற்றைக் காக்கும் கைகளும் நீடு வாழ்க.