இடப்பக்கம் வந்த பெண்

அண்ணனும் நானும் ஆவடியில் கல்யாண வீடியோ எடுக்கும் கடை வைத்திருக்கிறோம். அவன் எடுப்பான், தங்கச்சி நான் கம்ப்யூட்டரில் உட்கார்ந்து வெட்டி ஒட்டிப் படமாக்குவேன். எங்கள் பழைய கேமரா போன சீசனிலிருந்தே முகூர்த்த நேரமாகப் பார்த்துச் சூடேறி அணைந்துபோய்க்கொண்டிருந்தது. பூந்தமல்லி தாண்டி நெடுஞ்சாலையோரம் இருக்கும் பெரிய மண்டபம் ஒன்றில் வீடியோ கருவிகளுக்குக் கண்காட்சி போடுகிறார்கள் என்று வாட்ஸ்அப்பில் செய்தி வந்தது. புதுக் கேமராவைக் கையில் பிடித்துப் பார்த்துவிட்டு முடிவு செய்யலாம் என்று இரண்டு பேரும் ஸ்கூட்டரில் கிளம்பினோம்.

அண்ணன்தான் ஓட்டினான். குமணன்சாவடியில் திரும்பும்போது இடது பக்கம் ஒட்டி வந்த ஷேர் ஆட்டோவின் மேல் அப்படியே சாய்ந்துவிட்டான். நான் அவன் தோளைப் பிடித்து இழுத்ததில் வண்டி நிமிர்ந்தது. ஆட்டோக்காரர் தலையை நீட்டி, கண்ணைப் பின்னால் வைத்துக்கொண்டு ஓட்டுகிறாயா என்று திட்டினார். அண்ணனும் பதிலுக்குத் திட்டினான். ஹாரன் அடிக்காமல் வந்தவன் மேல்தான் தப்பு என்று மண்டபம் போய்ச் சேரும்வரை சொல்லிக்கொண்டே வந்தான். எனக்கு ஹாரன் சத்தம் நன்றாகவே கேட்டிருந்தது. ஆனால் அதை அவனிடம் சொல்லவில்லை.

அது நாங்கள் பலமுறை கல்யாணம் எடுத்த மண்டபம். மேடை இருக்கும் இடத்தில் அன்றைக்குச் சுவர் உயரத்துக்கு எல்இடி திரை நின்றது. பந்தி போடும் கூடத்தில் வலை கட்டி உள்ளே டிரோன் பறக்கவிட்டார்கள். வழியெல்லாம் விளக்குகளும் ஸ்டாண்டுகளும் தரையில் ஓடும் வயர்களும்தான். அம்பத்தூர், திருவள்ளூர், காஞ்சிபுரம் என்று எங்களைப் போன்ற கடைக்காரர்கள் குவிந்திருந்தார்கள். கல்யாணத்துக்கு வந்தால் ஓரமாக நின்று வேலை பார்க்கிற ஆட்கள், அன்றைக்கு நாங்கள்தான் விருந்தாளிகள். அண்ணன் முகத்தில் அவ்வளவு சந்தோஷம்.

உள்ளே நுழைந்த கொஞ்ச நேரத்திலேயே ஒரு விளக்கு ஸ்டாண்டில் இடது தோளை இடித்துக்கொண்டான். அதை நிமிர்த்தி வைத்துவிட்டு நகர்ந்தால், அம்பத்தூரில் ஸ்டுடியோ வைத்திருக்கும் தெரிந்தவர் ஒருவர் பக்கத்தில் வந்து கை நீட்டினார். அண்ணன் அவரைக் கண்டுகொள்ளாமலே நடந்து போனான். நீட்டிய கையை மடக்கிக்கொண்டு அவர் என்னைப் பார்த்தார். அண்ணன் ஏதோ யோசனையில் போகிறான் என்று சொல்லிச் சமாளித்தேன். எனக்குள் ஏதோ பிசகாகத் தோன்றியது. என்னவென்று பிடிபடவில்லை.

நாங்கள் பார்க்க வந்த கேமரா மண்டபத்தின் நடுவில் இருந்த ஸ்டாலில் இருந்தது. வருகிறவர்கள் எடுத்துப் பார்ப்பதற்காகச் சின்ன மணமேடை போட்டு, பட்டும் மாலையுமாக ஒரு மாப்பிள்ளையையும் பெண்ணையும் உட்கார வைத்திருந்தார்கள். யார் எடுத்தாலும் அது ஸ்டாலின் மேலே தொங்கும் பெரிய டிவியில் தெரியும். வரிசையில் நின்று அண்ணன் கேமராவை வாங்கித் தோளில் அணைத்து, வியூஃபைண்டர் துளையில் வலது கண்ணை வைத்தான். கூட்டம் டிவியைப் பார்த்தது.

முதலில் அழகாகத்தான் இருந்தது. பெண்ணின் முகத்தில் நிலைத்து, மாலைக்கு இறங்கி, கைக்குப் போய்த் திரும்பவும் முகத்துக்கு வந்தான். இருபது வருஷக் கை அது. அப்போது, ஒவ்வொருவர் எடுக்கும்போதும் ஸ்டாலில் செய்து காட்டுவது போல, இடது பக்கத்திலிருந்து இன்னொரு பெண் ஆரத்தித் தட்டோடு சிரித்துக்கொண்டே வந்தாள். அவள் கேமராவுக்கு அருகில் வந்ததும், ஃபோகஸ் தானாக மணப்பெண்ணை விட்டு அவள் முகத்துக்குத் தாவியது. எடுக்கிறவர்கள் அவளோடு சேர்ந்து கேமராவைத் திருப்ப வேண்டும். எங்களுக்கு முன்னால் எடுத்த எல்லோரும் அப்படித்தான் திருப்பினார்கள். அண்ணன் திருப்பவில்லை. டிவியில் அவள் பாதி முகமும் தட்டும் ஓரத்தில் தெளிவாகத் தெரிய, நடுவில் மணப்பெண் மங்கிப்போய் உட்கார்ந்திருந்தாள்.

அண்ணன் வியூஃபைண்டரிலிருந்து கண்ணை எடுக்காமலே ஸ்டால்காரரிடம் கேட்டான்.

"இன்னாப்பா கேமரா இது? பொண்ணு மேல நிக்க மாட்டேன்னுது. தானா ஃபோகஸ் அவுட்டாவுது."

ஸ்டால்காரர் டிவியைப் பார்த்தார். பிறகு அண்ணனைப் பார்த்தார். "சார், ஃப்ரேம்ல இன்னொருத்தங்க நிக்கறாங்களே" என்றார்.

"எங்க?"

அந்தப் பெண் தட்டோடு அதே இடத்தில்தான் நின்றுகொண்டிருந்தாள். பின்னால் யாரோ சிரித்தார்கள். அண்ணன் கேமராவை இறக்கிவிட்டுத் தலையை முழுசாக இடது பக்கம் திருப்பினான். அப்போதுதான் அவளைப் பார்த்தான். அவன் உடம்பு ஒரு முறை தூக்கிப் போட்டது. அவளும் பயந்து ஒரு அடி பின்னால் போனாள். கேமராவைக் கொடுத்துவிட்டுக் கூட்டத்தை விலக்கி வெளியே நடந்தான். அப்போதுதான் எனக்குப் பிடிபட்டது. குமணன்சாவடியில் வந்த ஆட்டோ, விளக்கு ஸ்டாண்டு, நீட்டிய கை எல்லாமே அவனுக்கு இடது பக்கம்தான்.

வாகனம் நிறுத்துமிடத்தில் ஒரு டீ வண்டி இருந்தது. இரண்டு டீ வாங்கிக்கொண்டு போனேன். அவன் எங்கள் ஸ்கூட்டரில் சாய்ந்து நின்றான். வேண்டுமென்றே அவனுடைய இடது பக்கம் போய் நின்று டம்ளரை நீட்டினேன். அவன் ரோட்டையே பார்த்துக்கொண்டிருந்தான். கை சுடும்வரை பிடித்துக்கொண்டு நின்றேன்.

"ண்ணா, டீ" என்றேன். திடுக்கிட்டுத் திரும்பி வாங்கிக்கொண்டான்.

"எத்தினி நாளா இப்டி கீது?"

அவன் டம்ளரை ஸ்கூட்டர் சீட்டின் மேல் வைத்தான். "தெர்ல மே. இந்தப் பக்கம் கறுப்பாலாம் இல்ல. ஒண்ணுமே இல்லாத மாரி கீது, அவ்ளோதான்" என்றான்.

அவன் கொஞ்சம் கொஞ்சமாகச் சொன்னான். சில மாதங்களுக்கு முன்னாலேயே சந்தேகம் வந்திருக்கிறது. படி இறங்கும்போது தடுமாறியிருக்கிறான். மண்டபங்களில் சின்னப் பிள்ளைகள் மேல் மோதியிருக்கிறான். அண்ணியிடம் சொன்னால் அழுவாள், என்னிடம் சொன்னால் கேமராவைப் பிடுங்கிக்கொள்வேன் என்று நினைத்தானாம். கடைசியில், "அப்பா மாரிதான் ஆயிடுமா?" என்று கேட்டான்.

அப்பா ஆவடியில் ராணுவ டேங்க் ஃபேக்டரியில் வேலை பார்த்தவர். நாங்கள் குவார்ட்டர்ஸில் பிறந்து வளர்ந்தோம். ரிட்டயர் ஆவதற்கு முன்பே சுவரைத் தடவித் தடவி நடக்க ஆரம்பித்தார். கண்ணில் புரை என்று சொல்லி ஆபரேஷன் செய்தார்கள், பார்வை தெளியவில்லை. வயதானால் அப்படித்தான் என்று எல்லோரும் சொன்னதை நாங்களும் நம்பிவிட்டோம். குவார்ட்டர்ஸைக் காலி செய்த அன்று அண்ணன்தான் அவர் கையைப் பிடித்து லாரி வரை கூட்டிக்கொண்டு போனான். நாளைக்கே ஆஸ்பத்திரிக்குப் போகலாம் என்று மட்டும் சொன்னேன்.

கிளம்பலாம் என்று சாவியைக் கேட்டேன். அவன் கொடுக்கவில்லை, முதலில் உள்ளே போய்விட்டு வர வேண்டும் என்றான். எதற்கென்று புரியாமல் பின்னால் போனேன். நேராக அந்த ஸ்டாலுக்குப் போய், வரிசையில் நின்றவர்கள் காதிலும் விழும்படி, கேமராவில் ஒரு குறையும் இல்லை, தன் கண்ணில்தான் கோளாறு என்று ஸ்டால்காரரிடம் சொன்னான். ஆரத்திப் பெண்ணைத் தேடிப் பார்த்து அவளிடமும், "பயந்துட்டியாம்மா" என்று கேட்டான். திரும்பி வரும்போது என் தோளில் கை வைத்துக்கொண்டான். சாவியையும் கொடுத்தான்.

அடுத்த நாள் முகப்பேரில் உள்ள கண் மருத்துவமனைக்குப் போனோம். அண்ணியும் வந்தாள். கிண்ணம் போன்ற ஒரு கருவிக்குள் முகத்தை வைத்து, ஒரு கண்ணை மூடிக்கொண்டு, நடுவில் இருக்கும் புள்ளியையே பார்க்கச் சொன்னார்கள். சுற்றிலும் எங்கே சின்ன வெளிச்சம் தெரிந்தாலும் கையிலிருக்கும் பொத்தானை அமுக்க வேண்டும். அறைக்கு வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருந்த எங்களுக்கு அந்தப் பொத்தான் சத்தம் கேட்டது. வலது கண்ணுக்கு விட்டு விட்டுக் கேட்டது. இடது கண்ணுக்கு மாற்றியதும் நின்றுபோனது. மிஷின் உறுமிக்கொண்டே இருந்தது. பொத்தான் சத்தத்துக்காக அண்ணி என் கையைப் பிடித்துக்கொண்டு காத்திருந்தாள். எப்போதோ ஒன்று கேட்டது, அவ்வளவுதான்.

கண்ணுக்குள் அழுத்தம் ஏறி நரம்பு அழிந்துகொண்டிருக்கிறது என்றார் டாக்டர். இடது கண்ணில் பெரும்பகுதி போய்விட்டது, வலது கண்ணிலும் மூக்குப் பக்கம், அதாவது இடது ஓரம், போயிருக்கிறது, போனது திரும்பாது, மீதியைக் காப்பாற்றத்தான் சொட்டு மருந்து என்றார். வண்டி ஓட்டவே கூடாது. குடும்பத்தில் யாருக்காவது இருந்ததா என்று கேட்டார். அப்பாவைப் பற்றிச் சொன்னேன். அவர் அண்ணனை விட்டுவிட்டு என்னை அவன் நாற்காலியில் உட்காரச் சொன்னார். என் கண்ணில் அழுத்தம் கொஞ்சம் கூடுதல் என்றும், இப்போதைக்கு மருந்து தேவையில்லை, ஆனால் தவறாமல் வந்து காட்ட வேண்டும் என்றும் சொன்னார். அன்று எங்களில் யாரும் மதியம் சாப்பிடவில்லை.

பிறகு வந்த நாட்கள் மோசமானவை. அண்ணன் கடைக்கு வந்து ஷட்டரைப் பாதி மட்டும் தூக்கிவிட்டு உள்ளே உட்கார்ந்திருப்பான். சொட்டு மருந்து எரிகிறது என்று அண்ணியோடு சண்டை போடுவான். ஒப்புக்கொண்ட கல்யாணங்கள் இருந்தன. விட முடியாது. கேமராவை நான் எடுத்தேன். முதல் கல்யாணத்தில் தாலி கட்டும்போது நான் எடுத்த படம் ஆடிக்கொண்டே இருந்தது. அதைக் கடையில் போட்டுப் பார்த்தபோது அவன் என்னைத் திட்டவில்லை. அது எனக்கு இன்னும் கஷ்டமாக இருந்தது.

அதைப் போட்டுப் பார்த்த சமயத்தில்தான் அவன் ஒன்றைக் கண்டுபிடித்தான். கேமரா படத்தைச் சின்ன மானிட்டர் ஒன்றில் போட்டுத் தள்ளி வைத்தால், மீதியிருக்கும் பார்வைக்குள் மொத்தப் படமும் அடங்கிவிடுகிறது. இப்போதெல்லாம் மண்டபத்தில் அவன் ஒரு மூலையில் நாற்காலி போட்டு மானிட்டரைப் பார்த்துக்கொண்டிருக்கிறான். நான் ஹெட்செட் மாட்டிக்கொண்டு எடுக்கிறேன். "பொண்ணோட அம்மா அழுவப் போறாங்க, அங்க போ" என்பான். அவன் சொன்ன மாதிரியே அவர்கள் அழுவார்கள். நல்ல படம் அமைந்தால் அவன் மூச்சு விடுவது எனக்குக் கேட்கும்.

போன வாரம் குத்தம்பாக்கம் பக்கம் ஒரு வரவேற்பு. எல்லாவற்றையும் வழக்கமான இடத்தில் வைத்துவிட்டு மேடைக்குப் போகத் திரும்பினேன். அண்ணன் கூப்பிட்டு, மானிட்டரை இன்னும் கொஞ்சம் தள்ளி வைக்கச் சொன்னான். வழக்கமான தூரத்தில் ஓரம் விட்டுப்போகிறதாம், தள்ளினால்தான் படம் முழுசாகத் தெரிகிறதாம். மருந்தை ஒழுங்காகப் போடுகிறாயா என்று கேட்டேன். போடுகிறேன் என்றான். நாதஸ்வரம் ஆரம்பித்துவிட்டது. மானிட்டரைத் தூக்கி, அவன் போதும் என்று சொல்லும் வரை அவனை விட்டுத் தள்ளித் தள்ளிப் பின்னால் கொண்டுபோனேன்.