இடது காதுக்கு மேல் ஒரு கோடு

போன ஞாயிற்றுக்கிழமை காலைப் பூசை முடிந்து வெளியே வந்தபோது எனக்கு அடுத்தடுத்து இரண்டு அழைப்புகள் வந்தன. முதலில் பேசியவர் எங்கள் தலைமையாசிரியர். சீசன் தொடங்கப் போகிறது, முடிக்குச் சாயம் அடித்தவன், கோடு போட்டவன் பெயரையெல்லாம் போலீஸ் ஸ்டேஷனில் கேட்கிறார்கள், நாளைக்குள் எழுதிக் கொடுங்கள் என்றார். அடுத்துப் பேசியவர் பஜாரில் ஸ்வெட்டர் கடை வைத்திருக்கும் சாகுல்.

"சார், ஜெசி அக்கா போயிட்டாங்க. மூச்சுத் திணறுதுன்னு வண்டியில ஏத்துனோம். மலை எறங்குற வழியில டம்டம் பாறையக்கூடத் தாண்டல."

பெயர் கேட்ட அதே காலையில் அந்தச் சாவு வந்தது எனக்கு நல்லதாகப் படவில்லை. ஏன் என்று அக்காவை அறிந்த உங்களுக்குச் சொல்ல வேண்டிய கடன் எனக்கு இருக்கிறது.

வட்டக்கானல் சாலையில் ஒற்றை நாற்காலி போட்ட அந்த சலூனை உங்களுக்குத் தெரியும். விடுதிப் பிள்ளைகளுக்கு முடிவெட்டும் வேலையில் இருந்த ஜெசிந்தா, அதை விட்டுவிட்டுச் சொந்தமாகக் கடை போட்டபோது ஊர் வாயைப் பிளந்தது. பொம்பளை ஆம்பளைக்குச் சவரம் செய்வதா என்று கேட்டவர்களில் நானும் ஒருவன். அவர் என்னைவிட இளையவர். ஆனாலும் ஊரே அக்கா என்றதால் எனக்கும் அக்காவாகிவிட்டார்.

பையன்கள் வத்தலக்குண்டுக்கு இறங்கிப் போய் முதல் நாளே படம் பார்த்துவிட்டு, அடுத்த நாள் செல்போனோடு அவர் கடையில் நிற்பார்கள். யாரும் கதாநாயகன் படத்தைக் காட்டுவதில்லை. வில்லனுக்குப் பின்னால் நிற்கும் அடியாள் படத்தைத்தான் காட்டுவார்கள். காரணம் கேட்டதற்கு டேனி சொன்ன பதிலை அக்கா என்னிடம் சொல்லியிருக்கிறார்: "படத்துல நம்மள மாதிரி மொகம் அங்கதானக்கா இருக்கு." டேனி ஏரிக்கரையில் சுற்றுலா வருபவர்களுக்குக் குதிரை பிடிக்கிறவரின் மகன், அப்போது பன்னிரண்டாம் வகுப்பு. பென்சில் பேண்ட், பழைய கோட்டுக் கடையில் வாங்கிய தோல் ஜாக்கெட், நெற்றியை மறைக்கும் செம்பட்டை முடி என்று திரிவான். பார்த்தாலே எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

நான் பி.டி. வாத்தியார். காலை வழிபாட்டில் கத்தரியோடு நிற்பது என் வழக்கம். முடி அதிகமாக வைத்திருப்பவனை முன்னால் அழைத்து, காதுக்கு மேலே ஒரு கொத்து வெட்டிவிடுவேன். அந்த அலங்கோலத்தோடு திரிய முடியாமல் மிச்சத்தையும் ஒட்ட வெட்டிக்கொண்டு வருவான் என்பது கணக்கு. எனக்கு வலதுகைப் பழக்கம், எதிரே நிற்பவனின் இடது பக்கம்தான் கைக்கு வாகாக வரும். அதனால் எல்லோருக்கும் இடது காதுக்கு மேல்தான் வெட்டு.

அவர்கள் ஒட்ட வெட்டவில்லை, அக்காவிடம் போனார்கள். நான் குதறிய இடத்தை அவர் கத்தியால் சீராக்கி, மேலிருந்து சாய்வாக இறங்கும் ஒரு கோடாக ஆக்கிவிட்டார். ஒரே மாதத்தில் என்னிடம் வெட்டு வாங்காதவனும் காசு கொடுத்து அந்தக் கோட்டைப் போட்டுக்கொண்டான். அதற்கு அவர்கள் வைத்த பெயர் 'பி.டி. கட்டிங்'. கொதித்துப்போய்க் கடைக்குச் சண்டைக்குப் போனேன். அக்கா கத்தியைத் தீட்டுவதை நிறுத்தவில்லை.

"வெட்டுன முடி மொளச்சிரும் சார். அத்தன பேரு முன்னாடி வெட்டுன மானம் மொளைக்குமா? நா அத மறைச்சு விடுறேன். அவ்வளவுதான் என் சோலி."

அந்த வருடம் விருந்தினர் விடுதி ஒன்றில் வெளியூர்க்காரர் ஒருவரின் பை காணாமல் போனது. வாசல் கேமராவில் ஒரு பையன் கடந்து போவது பதிவாகியிருந்தது. மூடுபனியில் முகம் தெரியவில்லை; இடது காதுக்கு மேல் இருந்த கோடு மட்டும் தெரிந்தது. ஜீப் நேராகப் பள்ளிக்கு வந்து என்னைத்தான் கேட்டது. என்னிடம் பட்டியல் தயாராகவே இருந்தது, யார் யாருக்கு வெட்டினேன் என்று குறித்துவைக்கும் ஒழுங்குள்ள ஆள் நான். ஏழு பெயர்களைக் கிழித்துக் கொடுத்தேன். தேநீர் வாங்கிக் கொடுத்து அனுப்பியும் வைத்தேன்.

மூன்றாவது பெயர் டேனியுடையது. அன்றே அவனைக் கொண்டுபோனார்கள். பை காணாமல் போன மாலையில் அவன் அக்காவின் நாற்காலியில்தான் உட்கார்ந்திருந்தான். அதைச் சொல்லப்போன அக்காவை விளக்கு வைக்கும் நேரம் வரை பெஞ்சில் உட்கார வைத்துவிட்டு, நாளைக்கு மற்ற ஆறு பேரும் வருவார்கள், அப்போது பார்த்துக்கொள்ளலாம் என்று அனுப்பிவிட்டார்கள்.

மறுநாள் காலை அந்தச் சாலையில் நான் கண்டதை என்னவென்று சொல்வது. கடை வாசலில் வரிசை. குதிரைக்காரர்கள், டாக்சி ஓட்டுபவர்கள், விடுதிச் சமையல்காரர்கள், சாகுல், கோயில் உபதேசியார் வரை நின்றிருந்தார்கள். உள்ளே போனவர் ஒவ்வொருவரும் இடது காதுக்கு மேல் கோட்டோடு வெளியே வந்தார். யாரும் சிரிக்கவில்லை. நான் சும்மா பார்க்கத்தான் போனேன். அக்கா நாற்காலியைக் காட்டினார்.

"ஒக்காருங்க சார். வெரசா முடிச்சிருவேன், வெள்ளனே இருந்து நிக்கிறேன்."

உட்கார்ந்தேன். கழுத்தில் நுரை தடவி, கத்தியை வைத்தார். கண்ணாடியில் அவர் முகம் அமைதியாக இருந்தது.

"அந்த ஏழு பேர யாரு எழுதிக் குடுத்தாங்கன்னு எனக்குத் தெரியும் சார். ஸ்டேஷன் மேசையில கெடந்த தாள்ல பாத்தேன். ஒங்க எழுத்து."

நான் தலையைத் திருப்பப் போனேன்.

"அசையாதீங்க. கத்தி புதுசு."

கழுத்தை முடித்துவிட்டு எனக்கும் கோடு போட்டார். துண்டை உதறும்போது, "இனிமே யாரும் பேரு கேட்டா மொதல்ல இதத் தடவிப் பாத்துக்கிடுங்க" என்றார். அதற்குப் பிறகு அந்தப் பேச்சை அவர் எடுக்கவே இல்லை.

பத்து மணிக்கு மற்ற ஆறு பேரைத் தேடி ஜீப் வந்தது. கேமராவில் இருப்பது இதில் எந்தக் கோடு என்று நீங்களே சொல்லுங்கள் என்று அக்கா கேட்டார். இறங்கியவர்கள் எங்கள் தலைகளை ஒவ்வொன்றாகப் பார்த்தார்கள், என் தலையைக் கொஞ்சம் கூடுதல் நேரமே பார்த்தார்கள். பிறகு திரும்பிப் போனார்கள். இரண்டு நாள் கழித்து அந்தப் பை, தொலைத்தவரின் சொந்தக் காரிலேயே இருக்கைக்கு அடியில் கிடைத்தது. டேனி மொட்டைத் தலையோடு வீடு வந்தான். பரீட்சை எழுதவில்லை. திருப்பூருக்குப் பனியன் வேலைக்குப் போய்விட்டான்.

கதை அதோடு முடிந்தது என்றுதான் நினைத்தோம். அடுத்த வாரத்திலிருந்து, அறிமுகமில்லாத, ஸ்டேஷன் ஆள் என்று நாங்கள் ஊகித்த ஒருவர் அக்காவின் கடைக்குச் சவரத்துக்கு வரத் தொடங்கினார். சவரம் முடிந்த பிறகும் எழுந்திருக்காமல், யார் யார் உள்ளே வருகிறார்கள் என்று கண்ணாடி வழியாகப் பார்த்துக்கொண்டிருப்பார். வருடக்கணக்கில் வந்தார். அக்கா அவருக்கும் பழுதில்லாமல்தான் சவரம் செய்தார். ஆனால் அக்காவின் மூச்சுத் திணறல் அந்த நாட்களில்தான் தொடங்கியது என்று சாகுல் சொல்கிறார். நான் மருத்துவன் இல்லை, ஆனாலும் நம்புகிறேன்.

கத்தரியை அன்றே விட்டேன். மாதம் ஒருமுறை அக்காவிடம் போய்க் கோட்டைப் புதுப்பித்துக்கொள்வேன். வயதான காலத்தில் இதெல்லாம் எதற்கு என்று தலைமையாசிரியர் முகம் சுளிப்பார்.

திங்கட்கிழமை மாலை அடக்கம். மூடுபனியில் பத்தடிக்கு அப்பால் ஆள் தெரியவில்லை. பையன்கள் வந்துகொண்டே இருந்தார்கள், எல்லோர் தலையிலும் கோடு. போட்டுவிட அக்கா இல்லாததால் தாங்களே கண்ணாடி பார்த்துப் போட்டிருந்தார்கள். பலருக்கு ரத்தக் கீறல். கல்லறைத் தோட்டத்து வாசலில், சவரத்துக்கு வந்து கண்ணாடி வழியாகப் பார்த்துக்கொண்டிருந்த அந்த ஆள் நின்று, உள்ளே நுழைகிறவர்களைப் பக்கவாட்டில் படம் எடுத்துக்கொண்டிருந்தார்.

என் அருகில் முழுக்கைச் சட்டை போட்ட ஒருவன் வந்து நின்றான். எண்ணெய் வைத்துப் படிய வாரிய தலை. டேனி என்று தெரிய எனக்கு நேரமாயிற்று. குழியில் மண் விழுந்துகொண்டிருந்தது.

"அன்னைக்கு எம் பேர யாரு குடுத்தான்னு அக்காட்ட எத்தனையோ தடவ போன்ல கேட்டேன் சார். கடைசி வரைக்கும் சொல்லல."

"நான்தான் டேனி."

அவன் என் முகத்தைப் பார்த்தான். பிறகு என் இடது காதுக்கு மேலே பார்த்தான். விலகிப் பையன்களோடு போய் நின்றான். அவன் திட்டியிருந்தால் எனக்குத் தேவலையாக இருந்திருக்கும்.

பெயர் எழுத எடுத்துவைத்த தாள் என் சட்டைப் பையில் வெறுமையாக இருந்தது. இன்றுவரை அப்படியேதான் இருக்கிறது. தலைமையாசிரியர் இரண்டு முறை கேட்டுவிட்டார். மூன்றாவது முறை கேட்கப்போவது அவராக இருக்காது. அன்று கல்லறைத் தோட்டத்திலிருந்து வெளியே வரும்போது வாசலில் நின்ற ஆள் செல்போனை உயர்த்தினார். அக்காவிடமிருந்து எனக்கு மிஞ்சியது இந்தக் கோடு ஒன்றுதான். அது படத்தில் நன்றாக விழும்படி தலையைத் திருப்பி நின்றேன்.