அயோடின் இல்லாத உப்பு

எனக்கு வாசுதேவநல்லூரில் ஒரு அரசு அலுவலகத்தில் வேலை. வீடு சங்கரன்கோவிலில். தினமும் காலையில் ஒரே பஸ், கிட்டத்தட்ட ஒரே முகங்கள். போகிற வழியெல்லாம் நான் பேசிக்கொண்டே போவேன். கேட்பவர்களுக்கு வேறு வழியில்லை, பஸ் ஓடிக்கொண்டிருக்கும். தெற்கே கடலோரத்து அணு உலையை இழுத்து மூட வேண்டும் என்பேன். செல்போன் டவரால் குருவிகள் செத்துப்போகின்றன என்று செல்போனிலேயே நாலு பேருக்குச் செய்தி அனுப்புவேன். உப்பில் அயோடினைக் கலக்கச் சொல்லிச் சட்டம் போட்டது கம்பெனிக்காரர்களின் சூழ்ச்சி என்பது என்னுடைய இன்னொரு கட்சி. இதில் எதைப் பற்றியும் அரைப்பக்கம்கூட ஒழுங்காகப் படித்ததில்லை.

முன் சீட்டில் அறிவியல் டீச்சர் ஒருவர் வருவார். என்னை எதிர்த்துப் பேசுகிற ஒரே ஆள். “சார், கரண்டு போச்சுன்னா மொத ஆளா ஈ.பி. ஆபீஸுக்குப் போன் போடுதது நீங்கதான. அந்தக் கரண்டு எங்கன இருந்து வருதுன்னு மட்டும் கேக்க மாட்டிய,” என்பார். பஸ்ஸே சிரிக்கும். நான் பேச்சை உப்புக்கு மாற்றிவிடுவேன்.

போன வருடம் என் மனைவிக்குக் கழுத்தில் ஒரு கட்டி வந்தது. மதுரையில் தைராய்டு சுரப்பியை எடுத்துவிட்டார்கள். பரிசோதனை முடிவில் புற்று என்று வந்தது. எங்கள் ஊரில் புற்று என்றால் கோயில் புற்றுமண்தான் நினைவுக்கு வரும். அந்தச் சொல் அன்றைக்குத்தான் வேறு பொருளில் எங்கள் வீட்டுக்குள் நுழைந்தது.

அடுத்து என்ன செய்ய வேண்டும் என்று டாக்டரம்மா பொறுமையாகச் சொன்னார். அறுவை செய்த பிறகும் அந்தச் சுரப்பியின் துணுக்குகள் கொஞ்சம் மிஞ்சியிருக்கும். அதற்கு அயோடின் என்றால் உயிர். ஆகவே கதிரியக்க அயோடினை மாத்திரையாகக் கொடுப்பார்கள். துணுக்குகள் அதை ஆசையாக இழுத்துக்கொண்டு அழிந்துபோகும்.

“அந்த மாத்திரை எங்க தயாராகுது?” என்று கேட்டேன்.

“அணு உலையிலதான். அதுக்குன்னே ஆராய்ச்சி உலைகள் இருக்கு,” என்றார்.

என் மனைவி என்னைத் திரும்பிப் பார்த்தாள். பஸ்ஸில் நான் பேசுவதெல்லாம் வீட்டில் ஒத்திகை பார்த்ததுதான், அத்தனையும் அவள் கேட்டவள். நான் மேஜையிலிருந்த பேப்பர் வெயிட்டைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

“இவுக சொல்லுத அந்த அணுவை முழுங்கணுமா?” என்று அவளே டாக்டரிடம் கேட்டாள். ஆமாம் என்றதும், “சரி, முழுங்குதேன்,” என்றாள். தைரியம் அவளுக்கு, பயம் எனக்கு என்று அன்றைக்கே பாகம் பிரிந்துவிட்டது.

ஒரு நிபந்தனை இருந்தது. மாத்திரைக்கு முந்தைய இரண்டு வாரம் சாப்பாட்டில் அயோடினைக் குறைக்க வேண்டும். கடல்மீன், கருவாடு, பால், தயிர், முட்டை கூடாது. முக்கியமாக அயோடின் கலந்த உப்பு கூடாது. துணுக்குகளைப் பட்டினி போட்டால்தான் மருந்தைத் தின்னும். பட்டினி சரியாக இல்லையென்றால் தேதி தள்ளிப்போகலாம். சுரப்பிக்குப் பதிலாகத் தினமும் போட்டுவந்த தைராய்டு மாத்திரையையும் டாக்டர் சொல்லி அவள் ஏற்கெனவே நிறுத்தியிருந்தாள். முகம் வீங்கி, கை சில்லிட்டு, குரல் கம்மி, நாலு படி ஏறினால் உட்கார்ந்துவிடுகிற நிலைமை. இந்த நிலையில் அவளை இன்னும் சில வாரம் வைத்திருக்க வேண்டிவந்தால் என்ன ஆகும் என்பதுதான் எனக்கு இருபத்துநாலு மணி நேரமும் ஓடிய நினைப்பு.

உப்புக்காகச் சங்கரன்கோவில் முழுக்க அலைந்தேன். கல் உப்பென்றால் வெறும் உப்பு என்று நான் நினைத்திருந்தேன். பாக்கெட்டைத் திருப்பிப் பார்த்தால் கல் உப்பிலும் அயோடின் போட்டிருந்தது. வழக்கமாகச் சாமான் வாங்கும் கடைக்காரர் கண்ணாடியைத் தூக்கிவிட்டுக்கொண்டு என்னைப் பார்த்தார். “மாட்டுக்கும் தென்னைக்கும் போடுதது இருக்கு அண்ணாச்சி. மனுசருக்குன்னா சட்டம் விடாது. இங்கன நின்னு அந்தச் சட்டத்தை ஏசினது நீங்கதான?” என்றார். அவரிடம் கோபித்துக்கொள்ளக்கூட முகமில்லை.

பஸ்ஸில் நான் வாயைத் திறக்காமல் போன மூன்றாம் நாள் டீச்சர் காரணம் கேட்டார். சொன்னேன். அவருடைய சொந்தக்காரருக்குத் தூத்துக்குடிப் பக்கம் உப்பளத்தில் வேலையாம். அந்த வார முடிவிலேயே சுத்தம் பண்ணிய உப்பு ஒரு மஞ்சள் பையில் வந்துவிட்டது. வாங்கக் கையை நீட்டினேன். டீச்சர் கொடுக்கவில்லை. பையைச் சீட்டில் வைத்துவிட்டு, “எடுத்துக்கிடுங்க சார். உப்பைக் கையில குடுக்கக் கூடாது, சண்டை வரும்,” என்றார். “நமக்குள்ள இனிமேத்தான் வரணுமா டீச்சர்?” என்றேன். ரொம்ப நாளைக்குப் பிறகு நான் சிரித்தது அன்றைக்குத்தான்.

மனைவியால் அடுப்படியில் நிற்க முடியாது என்பதால் ராயகிரியிலிருந்து மதினி வந்திருந்தார், அவளுடைய அக்கா. பால் இல்லாமல், மீன் இல்லாமல், அந்த உப்பில் அவர் பொங்கிப்போட்டதைத்தான் நாங்கள் மூன்று பேரும் சாப்பிட்டோம். ஒன்பது நாள் ஓடியது. பத்தாம் நாள் உப்பு எவ்வளவு இருக்கிறது என்று பார்க்க ஜாடிக்குள் கரண்டியை விட்டேன். மேலே உப்பளத்துக் கல் உப்பு. அடியில் வெள்ளை வெளேரென்று தூள் உப்பு.

“மதினி, அடில கிடக்கது என்னது?”

“பழைய உப்பு தம்பி. ஒரு ரெண்டு கை.”

“அதைக் கொட்டச் சொன்னேம்லா?”

“கொட்டினேன். உப்பு ஜாடியை யாராவது துடைச்சுக் காலி பண்ணுவாகளா? அதுவும் சீக்காளி இருக்குத வீட்டில? லெச்சுமி போயிருவா. அதான் அடில ஒரு ரெண்டு கை விட்டு, மேல புதுசைப் போட்டேன்.”

நான் கத்திவிட்டேன். என்னவெல்லாம் சொன்னேன் என்று எழுத எனக்கு விருப்பமில்லை. மதினி முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு நின்றார். உள்ளே இருந்து என் மனைவி அந்தக் கம்மிய குரலில், “அக்காவை ஏசாதிய. அவ நான் பிழைக்கணும்னுதான செஞ்சா,” என்றாள். உடனே ஆஸ்பத்திரிக்குப் போன் போட்டேன். குறித்த தேதிக்கு வாருங்கள், டாக்டர் பார்த்துவிட்டுச் சொல்வார் என்றார்கள். மிச்சமிருந்த நாட்களில் நானும் மதினியும் முகம் பார்த்துப் பேசவில்லை.

அந்தத் தேதியில் டாக்டரம்மாவிடம் ஒன்றையும் மறைக்காமல் சொன்னேன். கூடவே மதினியும் நின்றார், வர வேண்டாம் என்று சொல்லியும் கேட்கவில்லை. டாக்டரம்மா ரத்தப் பரிசோதனைத் தாளைப் பார்த்தார். “மேல கல்லு, அடில தூளு. மேல இருந்துதான எடுத்தீங்க?” என்றார். மதினி தலையாட்டினார். “அயோடின் குறைவா இருக்கணும்னுதான் நாங்க கேட்டோம். அறவே இருக்கக் கூடாதுன்னு சொல்லல. ரத்தமும் நாங்க எதிர்பார்த்த மாதிரி இருக்கு. இன்னைக்கே அட்மிட் பண்ணிரலாம்.”

பெஞ்சில் உட்கார்ந்து மதினியிடம் மன்னிப்புக் கேட்டேன். “சரி விடுங்க தம்பி,” என்று அவர் மூக்கைச் சிந்தினார்.

மாத்திரையை விழுங்கியபின் அவளைத் தனி அறையில் வைத்தார்கள். அவள் உடம்பிலிருந்து கதிர்வீச்சு வரும் என்பதால் யாரும் உள்ளே போகக் கூடாது. போனில் பேசினோம். சில நாள் கழித்து உடம்பு முழுவதும் ஸ்கேன் எடுத்தார்கள். கழுத்தில் மிஞ்சிய துணுக்கு மட்டும்தான் மருந்தை இழுத்திருந்தது, வேறு எங்கும் பரவவில்லை என்று டாக்டரம்மா சொன்னார். ஆஸ்பத்திரி வராந்தாவில் பத்துப் பேர் பார்க்க நான் அழுதேன். அவ்வளவு நிம்மதியை அதற்கு முன் நான் அறிந்ததில்லை.

அணு உலை பற்றி எனக்கு இன்னும் கேள்விகள் உண்டு. கழிவை எங்கே வைப்பார்கள் என்று இன்றைக்கும் டீச்சரிடம் கேட்கிறேன். ஆனால் இப்போது பதிலுக்காகக் காத்திருக்கிறேன். அவரும் தெரியாததைத் தெரியாது என்று சொல்கிறார்.

வீட்டுக்கு வந்தபின்னும் ஒரு வாரம் யாரும் அவளை நெருங்கக் கூடாது. தனித் தட்டு, தனிப் படுக்கை. நான் வாசற்படி ஓரம் நாற்காலி போட்டு, அங்கிருந்தே பேசுவேன். மறுபடி தைராய்டு மாத்திரை போட ஆரம்பித்ததில் குரல் கொஞ்சம் கொஞ்சமாகத் திரும்பியது. ஒரு காலையில் காபி குடித்துக்கொண்டே என்னைப் பார்த்தாள்.

“டாக்டர் சொன்ன நாளு நேத்தோட முடிஞ்சிட்டுல்லா?”

“முடிஞ்சிட்டு.”

“பெறகு ஏன் அங்கனயே உக்காந்திருக்கிய? பயமா?”

ஆமாம் என்றேன். பொய் சொல்லத் தோன்றவில்லை. அவள் கட்டிலில் சற்று நகர்ந்து இடம் விட்டாள். நான் எழுந்து போய்ப் பக்கத்தில் உட்கார்ந்தேன். பல வாரமாகச் சில்லிட்டுக் கிடந்த அவள் கை அன்றைக்குச் சூடாக இருந்தது.