சென்னிமலை வரைந்த முதல் தூண்

சென்னிமலை போட்ட கோட்டைக் கண்ணில் ஒற்றிக்கொள்ளலாம். அதைத் தவிர அவனைப் பற்றி நல்லதாகச் சொல்ல எனக்கு ஒன்றும் இல்லை. சேலத்தில் ஒரு சுகாதார ஆபீசில் பத்து வருஷம் அவன் பக்கத்து மேஜையில் குப்பை கொட்டியவன் சொல்கிறேன்.

தை மாதம் பிறந்தால் ஊர் மணியக்காரர்கள் போன வருஷத்துச் சாவுகளைக் கடிதமாக எழுதி அனுப்புவார்கள். 'இருபதுக்கு மேல் இருபத்தைந்துக்குள் மூவர், அதற்கு மேல் முப்பதுக்குள் ஐவர்' என்று மூச்சு விடாமல் போகும். சென்னிமலை அதைப் படித்துக் கட்டம் போட்ட தாளில் படமாக்குவான். அடிக்கோட்டில் வயது, ஐந்தைந்தாக. அதன்மேல் செத்தவர் எண்ணிக்கை அளவுக்குத் தூண்கள், சந்தில்லாமல் ஒட்டி ஒட்டி. முதல் தூண் ஐந்து வயதுக்குட்பட்ட குழந்தைகளுடையது. அது எந்த ஊருக்கு உயரமோ அந்த ஊருக்குத்தான் ஆபீசர் சுவாமிநாதன் அம்மை குத்துகிறவரை முதலில் அனுப்புவார்.

1936இல் பனமரத்துப்பட்டிப் பக்கத்திலிருந்து அவனுடைய சொந்த ஊர்க் கடிதம் வந்தது. ஐந்து வயதுக்குள் ஒருவருமில்லை என்றது. முந்தின கோடையில் அங்கே அம்மையில் போன குழந்தைகள் பதினொன்று. குலதெய்வத்துக்கு முடி எடுக்காத பிள்ளை அந்த ஊரில் ஆள் கணக்கில் சேராது. முடி எடுப்பதோ ஐந்தாம் வயதில். அதற்குள் போனதைக் கள்ளிக்காட்டில் புதைத்துத் தலை முழுகிவிடுவார்கள். பதினொன்றில் ஒன்று சென்னிமலையின் மூன்று வயதுப் பையன். இவனும் மணியக்காரரிடம் சொல்லவில்லை.

வீட்டில் எட்டு மாதப் பெண் வசந்தாமணி இருந்தாள். டவுனுக்குக் கொண்டுவந்து குத்தலாமே என்று இவன் சொன்னதற்கு அவன் மனைவி மயிலம்மாள் மறுத்துவிட்டாளாம். "ஊருக்கே குத்துனா நம்ம புள்ளைக்கும் குத்தலாமுங்க. நாம மட்டும் குத்திக்கிட்டா மாரியாத்தா சும்மா உடுவாளா?"

"பதினொன்றையும் தூணில் ஏற்றடா" என்றேன்.

"கடுதாசியில இல்லாததை எப்படிங்க போடறது?" என்றான். வேலை போய்விடுமென்று பயந்த கோழை!

படத்தைப் பார்த்த ஆபீசர் சிரித்தார். "உங்க ஊர்க் குழந்தைகள் கெட்டியப்பா" என்று அந்த ஊரைப் பட்டியலின் கடைசியில் தள்ளினார். அப்போதுதான் இவனுக்கு வாய் வந்தது. தும்பை விட்டு வாலைப் பிடித்தான்.

"பதினோரு கொழந்தைங்க செத்துப் போச்சுங்க. என்ற பையனும் போயிட்டானுங்க."

"எழுத்தில் இருக்கா?"

"இல்லீங்க."

"அப்போ சாகலை."

பங்குனியில் வசந்தாமணிக்கு அம்மை போட்டது. ஆறாம் நாள் போய்விட்டாள்.

இந்தத் தடவை அவன் வழக்கத்தைப் பார்க்கவில்லை. மணியக்காரர் காளியண்ணன் வீட்டுக்கு ஓடினான். "முடி எடுக்காததுக்கு என்னத்துக்குங்க கணக்கு?" என்றவரின் காலில் விழுந்து எழுத வைத்தான். வசந்தாமணி போன அதே கோடையில் பிள்ளையைப் பறிகொடுத்த மற்ற எட்டு வீட்டாரும் வாயைத் திறக்கவில்லை.

அடுத்த தையில், 'ஐந்து வயதுக்குள் ஒருவர்' என்று கடிதம் வந்தது. சென்னிமலை முதல் தூணை வரைந்தான். ஒரே ஒரு கட்டம் உயரம். தாளைக் கொண்டுபோய் ஆபீசர் மேஜையில் வைத்தான்.

"ஒண்ணுதானே, எங்கேயும் நடக்கிறதுதான். கடைசியிலேயே இருக்கட்டும்" என்றார் ஆபீசர்.

"சரிங்க" என்று தாளை வாங்கிக்கொண்டான். அவன் வீட்டில் அம்மை குத்த இனிப் பிள்ளை இல்லை.